உறக்கந் தராத ஒவ்வாமை மருந்து

ஆடி, ஆவணித் திங்கள்களில் ஊவா மலைச்சாரலில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்கு நறுமணம் ஊட்டுகின்றது. அதே காற்று கிளப்பும் தூசு நம்மிற் பலருக்குத் தும்மலைத் தருகின்றது. தூசு, மகரந்தம் முதலியவற்றைச் சிலரது உடல் பகையெனக் கொண்டு ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடும். தும்மல், கண்ணரிப்பு, தோற்றடிப்பு யாவும் அதன் விளைவே. அதனைத் தடுக்கும் மருந்துக்கு 1937இல் வழிகண்ட டானியல் போவே என்னும் அறிஞர் 1957இல் நோபெல் பரிசு பெற்றார்.

பிரிட்டன் என நாம் அறிந்த குளோர்பெனிரமின் மாத்திரை மூளையுட் புகுந்து உறக்கத்தை உண்டாக்கும். பசறை வீதியின் வளைவுகளில் வண்டி செலுத்துவோர்க்கும், செங்குத்தான மலையிற் கொழுந்து பறிப்போர்க்கும், தொழிற்சாலை இயந்திரத்தருகே நிற்போர்க்கும் அவ்வுறக்கம் ஆபத்தன்றோ? பின்வந்த லோராட்டடின், செட்டிரிசின், பெக்சோபெனடின் என்பன மூளையுள் மிகச் சிறிதே புகுவன. எனினும் செட்டிரிசின் சிலருக்கு உறக்கந் தரும். ஆதலின் முதன்முறை அதனை இரவில் உட்கொண்டு பார்த்தல் நன்று.

லோராட்டடினாயினும் செட்டிரிசினாயினும் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அளவு. குணமாகவில்லையென்று இரண்டாக்குதலும், பிரிட்டனையும் உடன் சேர்த்தலும், மதுவோடு கொள்ளலும் தகா. பெக்சோபெனடினைப் பழச்சாற்றுடன் அருந்தின் அதன் பயன் குன்றும், நீரே போதும். சிறுநீரக, ஈரல் நோயுடையோரும், கருவுற்றோரும், பாலூட்டுவோரும், குழந்தைகட்கு மருந்தளிப்போரும் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

இம்மருந்தின் எல்லையை அறிதல் எல்லாவற்றினும் முதன்மையானது. தேயிலைத் தூசு ஆஸ்துமாவை விளைத்தல் பற்றி வைத்தியர் உரகொட 1970இல் எழுதினார். தொழிற்சாலையில் மூச்சிரைப்பு உண்டாயின் இம்மாத்திரை அதற்கு மருந்தாகாது. வைத்தியரை நாடி, மூச்சுக்குழாயை விரிக்கும் உறிஞ்சு மருந்து பெறல் வேண்டும்.

மலையிற் குளவி கொட்டும்போது இன்னும் விழிப்பு வேண்டும். ஓரிடத்து அரிப்பை மாத்திரை தணிக்கலாம். முகமும் நாவும் வீங்குதல், மூச்சடைத்தல், மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உயிர் காப்பது அதிரினலின் ஊசியே. மாத்திரையைக் கொடுத்து லயத்திற் காத்திருத்தல் கூடாது. உடனே 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து இலவச அம்புலன்சை வரவழைத்தல் வேண்டும். பல குளவிகள் கொட்டியிருப்பின், அறிகுறி தோன்றாவிடினும் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

கல்லூரியிற் கற்ற நாம் இச்சிறு செய்தியை நம் தோட்டத்து உறவினர்க்கு எடுத்துரைப்போமாயின், அதுவும் கல்வியின் பயனேயாகும்.