குகைக்குள் ஒரு கீற்று வெளிச்சம்

இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பாலுள்ள கூரகல மலையை நம்மவர்கள் தப்தர் ஜெய்லானி என்பர். முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் அங்குள்ள குகையில் தங்கி வணக்கத்தில் ஈடுபட்டதாக நம் முன்னோர் நம்பி வந்தனர். பழைய பிராமிக் கல்வெட்டுகளும் அங்குண்டு. பௌத்த மக்களும் அவ்விடத்தைப் புனிதமாகப் போற்றுகின்றனர்.

அங்கே குகையைப் படமெடுக்க ஆசையா? முதலில் பிளாஷை அணைத்துவிடுங்கள். அது இருளை விரட்டி, பாறையை வெறும் சுவராக்கிவிடும். வாசலால் நுழையும் வெயில் பாறையில் பட்டுத் தெறித்து, உள்ளே போகப் போக மென்மையாகும். அந்த வெளிச்சமே போதும். ஆகாயத்தைப் படத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வாசல் வெளிறிப் போகும், அல்லது உட்புறம் கறுத்துவிடும். வெளிச்சம் விழும் பாறையைக் கைத்தொலைபேசித் திரையில் தொட்டு, பிரகாசத்தைச் சற்றுக் குறையுங்கள். கை அசையாதிருக்க அதைக் கல்லில் சாய்த்து வைத்து அழுத்துங்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், அன்டலோப் என்னும் ஒடுங்கிய பாறைப் பிளவுக்குள் படமெடுப்போரும் இப்படித்தான் ஆகாயத்தை விலக்கி, பாறையில் தெறிக்கும் ஒளியையே நம்புகின்றனர்.

இன்னொன்று. துஆவில் இருக்கும் பெண்ணை அவளது அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். அவளது கண்ணீர் அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது அந்த வெளிச்சத்தை மட்டுமே.