இடுப்பு வலிக்கு இயந்திரக் கட்டில்: பணம் கட்டுமுன் நிறுத்துப் பாருங்கள்

நாட்டிலேயே மிக உயரமான புகையிரத நிலையம் எங்கள் பட்டிப்பொலவில்தான் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் லொறிக்கு உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் ஏற்றுவது இங்கே அன்றாட வேலை. ஐம்பது கிலோ மூடைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் மத்தியில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். ஆகவே இந்த வாரம் விலைவாசியை ஒதுக்கிவிட்டு, வியாபாரிகள் பலர் பணத்தைக் கொட்டும் ஒரு சிகிச்சையைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இடுப்பில் தொடங்கிய வலி, இடது காலின் பெருவிரல் வரை மின்சாரம் போல் இறங்கியது. "நானா, ஒப்பரேஷன் இல்லாமலே சுகமாக்குகிறார்கள்" என்று கொழும்பு நண்பர் ஒருவர் ஒரு தனியார் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டி கட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கொம்பியூட்டர் மெதுவாக இழுக்கும், பிறகு தளர்த்தும். இதற்கு 'ஸ்பைனல் டிகம்ப்ரஷன்' என்று பெயர். முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இழுத்தால் அழுத்தம் குறைந்து தட்டு உள்ளே போய்விடும் என்று விளக்கினார்கள். இருபது தடவை வரவேண்டும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் கழிவு உண்டு என்றார்கள்.

சரக்கைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டுகிற வியாபாரியை நாம் என்ன சொல்வோம்? நான் அன்று அதையே செய்தேன். ஒரு இலட்சத்துக்கு மேல் போனது.

அதே காலத்தில் என் கடையில் மூடை தூக்கும் தம்பிக்கும் இதே வலி வந்தது. அவர் நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைக்குப் போனார். டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, மாத்திரை கொடுத்து, படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடக்கச் சொன்னார். பிசியோதெரபியில் சில பயிற்சிகள் பழக்கினார்கள். இரண்டு மாதத்தில் இருவருக்குமே வலி தணிந்தது. மெஷினைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னபோது, "முதலாளி, எனக்கு அது இல்லாமலே குறைஞ்சிருச்சே" என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

படித்ததில் முதல் பாடம்: தட்டுப் பிதுக்கத்தால் வரும் கால்வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைகிறது. அந்த நேரத்தில் எந்தச் சிகிச்சை நடந்தாலும் நல்ல பெயர் அதற்கே போய்ச் சேரும்.

இரண்டாவது: ஸ்கேன் படத்தைக் கண்டு மட்டும் பயப்படக்கூடாது. முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது.

மூன்றாவது: இழுவைச் சிகிச்சையை ஏற்கெனவே நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான கொக்ரேன் ஆய்வு 32 பரிசோதனைகளைத் தொகுத்து, இடுப்பு வலிக்கு இழுவையால் பலன் சிறிதளவே அல்லது இல்லை என்று முடிவு கூறியது. 2016இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனமும் இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. நாட்பட்ட இடுப்பு வலிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டலும் இழுவையையும் இடுப்புப் பட்டியையும் பரிந்துரைக்கவில்லை, பயிற்சியையே முன்வைக்கிறது. கழுத்து வலிக்கு இழுவை உதவும் என்றோ உதவாது என்றோ சொல்லத் தெளிவான சான்று இல்லை என்பது 2008ஆம் ஆண்டுக் கொக்ரேன் ஆய்வின் முடிவு.

துண்டுப்பிரசுரத்தில் 'அமெரிக்க எப்.டி.ஏ. அனுமதி' என்று இருந்தால் மயங்காதீர்கள். இவ்வகை இயந்திரங்களுக்கு அந்த அனுமதி, முன்பே சந்தையில் உள்ள கருவியை ஒத்தது என்பதற்காகவே பெரும்பாலும் கிடைக்கிறது. நோயைக் குணமாக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நரம்பின் அழுத்தத்தை அகற்றும் ஒப்பரேஷனுக்கும் 'டிகம்ப்ரஷன்' என்றுதான் பெயர். அது வேறு. தேவைப்படுபவருக்கு அது அவசியம். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழந்தாலோ, சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்து வந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய வைத்தியசாலைக்கு ஓடுங்கள். காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்து வந்தாலும், விழுந்து அடிபட்ட பின் வலி வந்தாலும் டொக்டரைப் பாருங்கள்.

இனி நமது பங்கு. ஒரு ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. பிரித்தானிய வழிகாட்டலில், இடுப்பு உயரத்தில் உடலோடு சேர்த்துப் பிடிக்கும்போதுகூட ஆணுக்கு 25 கிலோதான். நமது மூடை அதைப்போல் இரண்டு மடங்கு.

இப்போது என் கடையில் 25 கிலோப் பைகள், இரண்டு தள்ளுவண்டி, லொறி வாசலுக்கு ஒரு சரிவுப் பலகை. பைச் செலவு கூடியது. கொழும்பில் வாங்குபவரும் முதலில் முணுமுணுத்தார். ஆனால் வண்டிக்கும் பலகைக்கும் போன பணம், நான் அந்த நிலையத்தில் கட்டியதைவிடக் குறைவு. அந்தத் தம்பி இன்றும் என்னிடம்தான் வேலை செய்கிறார்.

அடுத்த முறை யாராவது இருபது தடவைக்கு முன்பணம் கேட்டால், சரக்கு வாங்கும்போது கேட்பதையே கேளுங்கள்: தரத்துக்குச் சான்று என்ன? பலன் தெரியாவிட்டால் இடையில் நிறுத்தலாமா? மிச்சப் பணம் திரும்பி வருமா? பதில் தெளிவாக வராத இடத்தில் பணப்பையைத் திறக்காதீர்கள்.