தாத்தா கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

பக்கவாதம் வந்த ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனால், மருத்துவர் வீட்டாரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: "கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்?" பெரும்பாலும் யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. "மத்தியானம் சாப்பிட்டார், அப்புறம் படுத்தார்" என்கிற மாதிரி பதில் வரும். மணியைப் பற்றி மருத்துவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை?

மாணவர்களே, மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. எதையும் அது சேமித்து வைப்பதில்லை. இரத்தம் வந்துகொண்டே இருந்தால்தான் உயிர்வாழும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒரு வகைப் பக்கவாதம். பெரும்பாலோருக்கு வருவது இதுதான். குழாய் வெடித்து இரத்தம் கசிவது இன்னொரு வகை.

அடைப்பு ஏற்படும்போது நடப்பதைப் புரிந்துகொள்ள, தஞ்சோங் காராங் நெல் வயல்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அதை மட்டுமே நம்பியிருந்த பாத்தி முதலில் காயும். பக்கத்துப் பாத்திகளுக்கு வேறு வாய்க்காலிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்து வரும். அவை வாடும், ஆனால் உடனே சாகாது. மூளையிலும் அப்படித்தான். நடுவில் ஒரு பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, அரைப் பட்டினியோடு காத்திருக்கிறது. சிகிச்சை எல்லாம் இந்தக் காத்திருக்கும் பகுதியைக் காப்பாற்றத்தான். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பலன் தருகிறது என்பது 1995இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் உறுதியானது. அப்போது கெடு மூன்று மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆனால் இரத்தக் கசிவு உள்ளவருக்கு இதே மருந்தைப் போட்டால் கசிவு கூடிவிடும். வெளியிலிருந்து பார்த்து எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

2015இல் ஒரே ஆண்டில் ஐந்து ஆய்வுகள் வெளிவந்தன. தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை இழுத்தெடுத்தால், பெரிய குழாய் அடைத்தவர்களில் அதிகமானோர் மீண்டும் சொந்தக் காலில் நடக்கிறார்கள் என்று அவை காட்டின. காத்திருக்கும் பகுதி இன்னும் உயிரோடு இருப்பது ஸ்கேனில் தெரிந்தால், 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்பது 2018இல் தெரியவந்தது. மருந்திலும் மாற்றம் வந்திருக்கிறது. பழைய அல்டிப்ளேஸ் மருந்தை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் என்ற புதிய மருந்தை ஒரே ஊசியில் போட்டுவிடலாம். இது அதற்குச் சளைத்ததல்ல என்று 2022இல் கனடா ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு மருத்துவமனையில் ஊசியைப் போட்டு இன்னொன்றுக்கு ஆம்புலன்சில் அனுப்ப வேண்டிய நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் தூரம் குறையவில்லையே! நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது நம் தென்னமரத்தில்தான். அங்கிருந்தோ, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களின் உட்புறத்திலிருந்தோ புறப்பட்டால், செம்மண் சாலையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வரவே நேரமாகும். கட்டியை இழுத்தெடுக்கும் வசதி மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற சில பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு.

சாலையில் போகும் நேரத்தைவிட வீட்டிலேயே வீணாகும் நேரம் அதிகம் என்பது என் எண்ணம். "காற்றுப் பட்டிருக்கும்" என்று தைலம் தேய்ப்பது, "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைப்பது, மூத்த மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருப்பது. விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் குணமாகும் என்று வாட்சப்பில் சுற்றுகிறதே, அதை நம்பவே நம்பாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒன்று தானாக இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்: நாக்கு குழறுகிறதா? திடீரென்று தள்ளாடுவதும் பார்வை மங்குவதும்கூட அறிகுறிகள்தாம். ஒன்று தெரிந்தாலும் 999ஐ அழைத்து "ஸ்ட்ரோக்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். மணியைக் குறித்து வையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் புரையேறிவிடும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். அது பெரிய பக்கவாதத்திற்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

பிள்ளைகளால் இது முடியுமா என்று கேட்கலாம். நியூயார்க்கில் 22 பள்ளிகளில் நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் சுமார் 3,000 மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ராப் பாடல், கேலிச்சித்திரப் படம் வழியாகப் பக்கவாதத்தைக் கற்ற மாணவர்களில் நான்கு பேர், பின்னர் உண்மையிலேயே அறிகுறியைக் கண்டு அவசர எண்ணை அழைத்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளை, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பெற்றோரையும் மீறி அழைத்ததாம். அவர்கள் உங்களைவிடச் சின்னவர்கள்.

சரி, பக்கவாதம் வராமலே தடுக்க முடியாதா? முக்கியக் காரணம் உயர் இரத்த அழுத்தம். நீரிழிவும் புகையும் அடுத்து வருகின்றன. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. நீரிழிவில் நம் நிலைமை இன்னும் மோசம்: 2019 ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. எல்லா இனத்தவரிலும் அதுவே அதிகம்.

மலேசியாவிலும் கொலம்பியாவிலும் நடந்த 'ஹோப் 4' ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. 30 ஊர்ப் பகுதிகளில் 1,371 பேர். எல்லாருக்கும் 50 வயதுக்கு மேல், கட்டுப்படாத இரத்த அழுத்தம். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களை, மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஊருக்குள்ளேயே சென்று பார்த்தார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் இலவச மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஒவ்வொருவருக்கும் குடும்பத்தினரோ நண்பரோ ஒருவர் துணையாளராக இருந்து மாத்திரையை நினைவுபடுத்தினார். 2019இல் முடிவு வெளியானது. ஓராண்டில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. துணையோடு இருந்தவர்களில் 69 விழுக்காடு!

தோட்டத்து மருந்தகத்தில் 'டிரஸர்' இருந்த காலத்தை உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் டாக்டர் அல்ல, ஆனால் லயத்தில் இருந்த எல்லாரையும் பெயர் சொல்லி அறிந்தவர். விஞ்ஞானம் சுற்றிவந்து அவரிடமே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. துணையாளர் வேலைக்கோ ஒரு பேரனோ பேத்தியோ தாராளமாகப் பொருத்தம்.

உப்பையும் விட்டுவிட முடியாது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் சுமார் ஐந்து ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றினார்கள். அங்கே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது (2021). சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். ஆனால் கருவாட்டையும் மெகி மீயின் மசாலாப் பொட்டலத்தையும் குறைக்க யாரைக் கேட்க வேண்டும்?

வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் தாத்தாவுக்கு நீங்களே அளந்து பார்க்கலாம். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். இரண்டு முறை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 135/85க்கு மேல் தொடர்ந்து வந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது அந்த நோட்டும் கூடப் போகட்டும்.