35ஐத் தாண்டினால்?

காசல்ரீ பக்கம் மழை வலுத்துவிட்டால் நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நீர்த்தேக்கம் வான் பாயும். அணைக்கட்டில் அளவு பார்ப்பவருக்கு நீர் ஏறியது தெரியும். எந்தத் தோட்டத்து மலையில் கொட்டிய மழை அது என்று அளவுகோல் சொல்லாது. சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஹட்டனில் இரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்குகிறவர்கள், எண் 35ஐத் தாண்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். தாண்டினால் சூலகப் புற்றுநோய், தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைப்பது இரண்டு பக்கமும் தவறு.

1981இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ரொபர்ட் பாஸ்டும் கூட்டாளிகளும் சூலகப் புற்றுநோய்க் கலங்களை எலிக்கு ஏற்றி, அக்கலங்களில் போய் ஒட்டும் பிறபொருளெதிரியைத் தேடினார்கள். வரிசையில் 125ஆவது கைகொடுத்தது. பெயரில் உள்ள எண் அதுதான். அதையே தன் அளவு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். 1983இல் வந்த முடிவுகளில், 101 நோயாளிகளில் 82 வீதமானோருக்கு மில்லிலீற்றருக்கு 35 அலகுக்கு மேல் இருந்தது. சுகதேகிகள் 888 பேரில் ஒரு வீதத்தினருக்கே அப்படி.

சிக்கல் இங்கேதான். அந்தப் பிறபொருளெதிரி ஒட்டும் புரதம்தான் சிஏ 125. இந்தப் புரதத்தைப் புற்றுநோய் மட்டும் சுரப்பதில்லை. குடலைப் போர்த்திய சவ்வு, நுரையீரலின் உறை, கர்ப்பப்பையின் உட்சுவர் எல்லாமே சுரக்கும். ஆகவே மாதவிடாய், கர்ப்பம், கர்ப்பப்பைக் கட்டி, ஈரல் சுருக்கம் எதிலும் எண் ஏறலாம். நம் நாடுகளில் மறக்கக்கூடாதது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, எண் நூற்றுக்கணக்கில் ஏறி, புற்றுநோய் என்று வயிற்றைத் திறந்த பிறகு காசநோய் என்று தெரிந்த கதைகள் மருத்துவ ஏடுகளில் ஏராளம். அது மாத்திரையில் குணமாகும் நோய். மறுபுறம், சூலகப் புற்றுநோயின் முதல் கட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எண் ஏறுவதே இல்லை.

பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் இந்தச் சோதனை. நோய் சற்று முன்னதாகவே பிடிபட்டது. ஆனால் 2021இல் வெளியான முடிவின்படி மரணம் குறையவில்லை. அதனால் அறிகுறி எதுவும் இல்லாதவர் சும்மா இதைச் செய்துகொள்வது வீண் செலவு என்பேன்.

அப்படியானால் எதற்கு உதவும்? தனியே அல்ல, துணையோடு. ஸ்கேனில் தெரிவதற்கும் மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதற்கும் புள்ளி கொடுத்து, அவற்றை இந்த எண்ணோடு பெருக்கி, விடை 200ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்பும் கணக்கு 1990இலிருந்து இருக்கிறது. எச்இ4 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதானால் அதுவும் ஏறும். இந்த எண் உண்மையில் பேசத் தொடங்குவது சிகிச்சையின்போதுதான். கீமோ தொடங்கிய முதல் 100 நாட்களில் அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை வைத்து, மருந்துக்கு நோய் மசியுமா என்று கணிக்கிறார்கள்.

அறிகுறி இருந்தால் கதை வேறு. வயிறு ஊதிக்கொண்டே இருக்கிறதா? இரண்டு வாய் சோற்றிலேயே நிறைகிறதா? அடிக்கடி சிறுநீர் முட்டுகிறதா? இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், அதுவும் 50 வயது கடந்திருந்தால், ‘காஸ்தான்’ என்று மாத்திரை போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கப் போகாதீர்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியிலோ நுவரெலியாவிலோ காட்டி, ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள்.