தாயின் பதக்கத்தை வாங்கிய நாலு வயதுப் பிள்ளை

“அம்மா, அப்பாவுக்கு ஏன் ஒருவரும் விருது தரவில்லை?” உயர்தரம் படிக்கும் என் மகள் அண்மையில் இப்படிக் கேட்டாள். 2009இல் செல் விழுந்துகொண்டிருந்த நேரம், பக்கத்துப் பதுங்குகுழியில் அகப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிவர ஓடினவர் அவர். இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தன. அவர் வரவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை. அவர் பெயருக்கு எனக்குக் கிடைத்தது மரணச் சான்றிதழ் மட்டுமே.

அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் எதிரிக்கு முன்னால் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா சிலுவை வழங்குவார்கள். 1940இல் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, பொதுமக்களின் துணிவையும் மதிக்க வேண்டும் என்று ஆறாம் ஜோர்ஜ் மன்னர் அதற்கு நிகராக ஜோர்ஜ் சிலுவையை ஏற்படுத்தினார்.

அதைப் பெற்றவர்களில் ஒருவர் வயலெட் சாபோ. அவருடைய கணவர் 1942 ஒக்டோபரில் எல் அலமெய்ன் போரில் இறந்தார். அந்த ஜூனில் பிறந்த மகள் தானியாவை அவர் பார்க்கவேயில்லை. வயலெட் இரகசியப் பணியில் சேர்ந்து, ஜெர்மனியர் பிடித்து வைத்திருந்த பிரான்சில் பரசூட்டில் இறங்கினார். 1944 ஜூனில் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று விருதுக் குறிப்பு கூறுகின்றது. 1945இன் தொடக்கத்தில் ராவென்ஸ்புரூக் முகாமில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 23.

1947 ஜனவரியில் மன்னர் அந்தப் பதக்கத்தை தானியாவிடம் கொடுத்தார். அவளுக்கு நாலு வயது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பேத்தியை வளர்த்தவர்கள் தாயின் பெற்றோர்.

பதக்கம் அந்தப் பிள்ளைக்குத் தாயைத் திருப்பித் தரவில்லை. ஆனால் தாய் செய்ததை நாடு அறிந்துகொண்டது. தானியா வளர்ந்து தாயின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 2015இல் அந்தப் பதக்கம் ஏலத்தில் 2,60,000 பவுணுக்குப் போனது. பதக்கம் கைமாறினாலும் கதை மகளிடமே இருந்தது.

இதைக் கேட்ட என் மகள் ஒரு புதிய கொப்பியை எடுத்தாள். “அப்பா எந்த நாள், எந்த இடத்தில், யார் யாரைத் தூக்கிவந்தார்? சொல்லுங்கோ அம்மா” என்றாள். சொல்லச் சொல்ல எழுதினாள். இத்தனை வருடங்களில் நான் முழுவதையும் சொன்னது அன்றுதான்.

சகோதரிகளே, எங்கள் வீடுகளிலும் விருது கிடைக்காத வீரம் நிறைய உண்டு. அதை அறிந்தவர்கள் நாங்கள்தான். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்.