கம்பத்தின் உச்சியும் கூட்ட அறையும்

"மூன்று நாள், இரண்டு இரவு, போர்ட்டிக்சன் கடற்கரையில் தன்முனைப்பு முகாம். அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்." அலுவலகத்தில் இப்படியொரு சுற்றறிக்கை வந்ததும் சிலருக்குக் கொண்டாட்டம். செலவில்லாத சுற்றுலாவாயிற்றே! ஆனால், அதே அறிக்கையைப் படித்ததும் வயிறு கலங்குகின்ற சிலரும் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கவே செய்கிறார்கள். உயரத்தில் ஏறச் சொல்வார்களோ, எல்லாருக்கும் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் மருத்துவ விடுப்புக்கு வழி தேடுவோரும் உண்டு.

இத்தகைய முகாம்களால் உண்மையிலேயே பயம் விலகித் தன்னம்பிக்கை பிறக்குமா? பிறக்கும். ஆனால், எந்தப் பயத்தை, எப்படி, எத்தனை முறை எதிர்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அது நிலைக்கும்.

இம்முகாம்களின் வேர் போர்க்காலத்தில் இருக்கிறது. ஹிட்லரை எதிர்த்து 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி பிரிட்டனில் குடியேறிய கல்வியாளர் குர்ட் ஹான். பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களில் நம் பாட்டன்மார் பார்த்துப் பழகிய 'புளூ ஃபனல்' கப்பல்களின் நிறுவனத்தைச் சேர்ந்தவர் லாரன்ஸ் ஹோல்ட். இருவரும் சேர்ந்து 1941-இல் வேல்ஸின் அபர்டோவி என்ற ஊரில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். தாக்கப்பட்ட கப்பல்களிலிருந்து படகில் தப்பியவர்களில், உடல்வலு மிக்க இளம் மாலுமிகளைவிட வயது முதிர்ந்தவர்களே தாக்குப்பிடித்தார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. இளைஞர்களுக்குக் குறைந்தது உடல்வலு அன்று; 'இதற்கு முன்பும் சமாளித்திருக்கிறேன்' என்ற பட்டறிவே குறைந்தது என்று அவர்கள் கருதினார்கள். அந்தப் பட்டறிவைக் கரையிலேயே ஊட்டும் முயற்சிதான் அது. பின்னர் 1950-களில் பேராக், லூமுட்டிலும், 1967-இல் சிங்கப்பூரின் புலாவ் உபினிலும் அதே பெயரில் பள்ளிகள் அமைந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அபர்டோவியில் அன்று நடந்தது ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி. இன்று பல நிறுவனங்கள் அதே பலனை ஒரு வார இறுதிக்குள் எதிர்பார்க்கின்றன!

பயம் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். கூட்டத்தில் பேச அஞ்சும் ஒரு கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரக் கூட்டத்தில் அறிக்கையைப் படைக்கும் பொறுப்பு அவருக்கு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. "இந்த ஒரு தடவை நீங்க பேசிடுங்கண்ணா" என்று பக்கத்து மேசைக்காரரிடம் தாளைக் கொடுத்துவிடுகிறார். உடனே உடலெங்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை. தப்பித்ததற்குக் கிடைத்த பரிசாக மூளை அதைப் பதிந்துகொள்கிறது. அடுத்த மாதம் பயம் இன்னும் ஒரு படி ஏறி நிற்கிறது. இரவெல்லாம் கண்விழித்து அறிக்கை தயாரித்தவர் ஒருவர், மேலாளரின் நினைவில் நிற்பவர் இன்னொருவர். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது யார் பெயர் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்தச் சுழலை உடைக்கும் வழியை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டாலே அலறும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைத் தொலைவில் வைத்தார்கள். பிறகு சற்று அருகில், அதன்பின் இன்னும் அருகில். முடிவில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். யாரும் முயலைத் தூக்கி அவன் மடியில் போடவில்லை என்பதைத்தான் பயிற்றுநர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பின்னர் ஆல்பர்ட் பண்டூரா பாம்புக்கு அஞ்சுபவர்களை வைத்து ஆய்ந்தார். பிறர் பாம்பைத் தொடுவதைப் பார்த்தவர்களுக்கும் பயம் குறைந்தது. ஆனால், துணைக்கு ஒருவர் நிற்க, தாமே படிப்படியாகத் தொட்டவர்களுக்கே அதிகப் பலன். 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்று 1977-இல் அவர் விளக்கினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடலின் படபடப்பைத் தான் புரிந்துகொள்ளும் விதம். நான்கிலும் வலுவானது முதலாவதே. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து "உன்னால் முடியும்!" என்று முழங்குவது மூன்றாவது வகை. கைத்தட்டல் அடங்கியதும் அதன் வேகமும் அடங்கிவிடும்.

சரி, கம்பத்திற்கு வருவோம். இடுப்பில் வாரும் கயிறும் கட்டி, பல மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்று, எதிரே தொங்கும் கட்டையை நோக்கித் தாவுகிறார் நம் கணக்காளர். கீழே ஆரவாரம். கண்ணில் நீர் மல்க இறங்குகிறார். அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால், அவர் வென்றது உயரத்தின் மீதிருந்த பயத்தை. கூட்ட அறையில் கயிறு இல்லை, ஆரவாரம் இல்லை. முகத்தைச் சுளிக்கும் மேலாளர் இருக்கிறார், 'தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே' என்ற எண்ணம் இருக்கிறது. ஒன்றில் பெற்ற துணிவு மற்றொன்றுக்குத் தானாக நடந்து போவதில்லை. யாராவது கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். நல்ல பயிற்றுநர் அன்று மாலையே கேட்பார்: "ஏறும்போது எந்த இடத்தில் கால் நடுங்கியது? நடுங்கிக்கொண்டே எப்படி அடுத்த படியில் கால் வைத்தீர்கள்? அலுவலகத்தில் அதே நடுக்கம் எங்கே வருகிறது?" பிறகு, மறுநாள் காலை ஐந்து பேருக்கு முன் இரண்டு நிமிடமும், மாலையில் இருபது பேருக்கு முன் ஐந்து நிமிடமும் பேச வைப்பார். நடுக்கம் நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நடுங்கும் குரலோடும் பேசி முடிக்க முடிகிறது என்பதை அவர் அங்கேதான் கற்கிறார்.

ஊன்றுகோல்களையும் கவனிக்க வேண்டும். எழுதி வைத்ததை வரிக்கு வரி வாசிப்பது, யார் கண்ணையும் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசுவது போன்றவை பயத்தைத் தணிப்பதுபோல் தோன்றும். ஆனால், 'தாள் இருந்ததால் தப்பித்தேன்' என்றே மனம் கணக்கு எழுதும். அவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பழக வேண்டும்.

கட்டாயப்படுத்துவது வேறு கதை. அழுதுகொண்டு நிற்பவரைப் பலர் முன்னிலையில் கேலி செய்து ஏற வைத்தால், பழைய பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும். ஆபத்தும் கற்பனையன்று. 2021 பிப்ரவரியில் சிங்கப்பூரில் உயரத் தடப் பயிற்சியின்போது விழுந்த ஒரு பள்ளி மாணவர் மறுநாள் உயிரிழந்தார். 2016-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், தன்முனைப்புக் கருத்தரங்கு ஒன்றில் தணலில் நடந்த சுமார் 30 பேருக்குத் தீக்காயத்திற்குச் சிகிச்சை தரப்பட்டது. தீமிதி நம்மவர்களுக்குப் புதிதல்லவே! நோன்பிருந்து, நேர்த்திக்கடனாகப் பூக்குழி இறங்குவதை, கட்டணம் வாங்கி ஒரே மாலையில் நடத்தும் துணிச்சல் பயிற்சியாக்குவது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

மலேசியாவில் பல துறைகளில் 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்துகின்றன. அது ஊழியர் பயிற்சிக்கான பணம். ஆகவே, போவதற்கு முன் கேள்வி கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு. கயிறும் வாரும் யாரால், எப்போது சோதிக்கப்பட்டன? இருதயநோய், கர்ப்பம் போன்றவற்றை இரகசியமாகத் தெரிவிக்க வழி உண்டா? ஏற விரும்பாதவருக்கு வேறென்ன பொறுப்பு? பயிற்சி முடிந்த பின் அலுவலகத்தில் என்ன தொடர் நடவடிக்கை?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. அப்போது ஊழியரே முந்திக்கொள்வது நல்லது. முகாமிலிருந்து திரும்பிய வாரத்திலேயே, சூடு ஆறுவதற்குள், "அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் எனக்குக் கொடுங்கள்" என்று மேலாளரிடம் கேட்டு, தேதியை நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். அதற்கடுத்த மாதத்திற்கும் சேர்த்தே கேட்டு வைப்பது இன்னும் நல்லது.