வார்த்தையே இல்லாத கேசட்!

எங்களுக்கு மயிலாப்பூர். அப்பாவுக்குச் சங்கீதம் என்றால் கச்சேரிதான். சினிமாப் பாட்டு வந்தால் ரேடியோவை நிறுத்திவிடுவார்!

1986-ம் ஆண்டு இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்?" வெளிவந்தது. கேசட்டை வாங்கிவந்து போட்டேன். பாட்டு வரிகள் கிடையாது. எல்லாம் வாத்தியம்தான். தியாகராஜருக்கும், ஜெர்மனி நாட்டு இசை மேதை பாக்குக்கும் அதைக் காணிக்கை ஆக்கியிருந்தார்.

அதில், பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்ற பொருளில் ஒரு பகுதி. வயலின், வி.எஸ்.நரசிம்மன். பாக் எழுதிய மெட்டு ஒருபக்கம் ஓடும். அதன்மேல் நம் ஊர் கமகம் வந்து குழையும். அடடா!

அப்பா வாயே திறக்கவில்லை. முடிந்ததும், "திருப்பிப் போடுடா" என்றார்.

1988-ல் "நத்திங் பட் விண்ட்" வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். இனிமைதான். ஆனாலும் முந்தையதே எனக்கு உசத்தி.

பிறகு 2005-ல் "திருவாசகம்". மாணிக்கவாசகர் வாக்குக்கு புடாபெஸ்ட் சிம்பொனி குழு வாசித்தது. எனக்கோ கபாலீசுவரர் கோவிலில் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்த காது. வாத்தியம் கொஞ்சம் அதிகம் என்றே பட்டது. வீட்டில் அப்படிச் சொன்னேன். மறுத்துப் பேச ஆள் இல்லை. அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "உனக்கு என்னடா தெரியும்? திருப்பிப் போடு" என்றிருப்பார்!